நாலு வெட்டுத் துவக்கு

1963 ஜனவரி 3, வியாழன்

மழை விட்டுட்டுது. நாவற்குடா முழுக்கக் கொடியில உடுப்பு. கார் ஸ்டார்ட் எடுக்க மாட்டன் எண்டு நிண்டது, தள்ளித்தான் எடுத்தன். ஆசுப்பத்திரிக்கு ஒரு ஓட்டம், பஸ் ஸ்டாண்டுக்கு ஒண்டு. மறுகா ஆளில்லை. மழை பெஞ்சா ஆள் வெளிய வராது, வெயில் எறிச்சா எல்லாரும் நடக்கினம். ஹயர் கார்க்காரன் எந்தச் சாமியைக் கும்பிடுறது?

பின்னேரம் துவக்கு வேலை. வாவிக்கு அக்கரையில இருக்கிற கூட்டாளி கணபதியின்ட துவக்கு.

மார்கழி வெள்ளத்தில படுவான்கரையில அவன்ட வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. மண்முனைத் துறையில காரைப் பாதைப் படகில ஏத்தி, வாவியைக் கடந்து போய், நெல்லுச் சாக்கு, பெட்டி படுக்கை எல்லாம் மேட்டுக்கு இழுத்துக் குடுத்தன். திரும்பேக்க பின் சீட்டில ஒரு சாக்குப் பொட்டலம் வைச்சான். “சந்தியா மச்சான், இது இங்க கிடந்தாத் துருப்பிடிச்சுப் போகும். உனக்குத்தான் இதுகளைப் பாக்கத் தெரியும். தண்ணி வடிஞ்சாப் பொறகு எடுக்கிறன்” எண்டான். நான் தலையை ஆட்டினன். உள்ளுக்குள்ள துள்ளினன்.

எங்கட வீட்டுச் சுவரில மூண்டு நிக்குது. எல்லாம் ஆமி கழிச்சு விட்ட பழைய துப்பாக்கி.

ஸ்னைடர். வாய் பெரிசு, பக்கத்து வீட்டு எலிசபெத்தக்காட வாய் மாதிரி.
மார்ட்டினி. அடியில கம்பி, கீழ இழுத்தா வாயைத் திறக்கும். துருதான் வரும்.
நீட்டு லீ. தோட்டத்துரை ஒருவர் வீட்டில குடை வைக்கிற மூலையில கிடந்தது. குடையையும் தந்தார்.

ஒண்டும் சுடாது. சுடுற சாமானைக் கழட்டி எடுத்துப்போட்டுத்தான் ஏலத்தில விட்டவங்க. பொண்டாட்டி திரேசா சொல்றது: “உங்களைப் போலத்தான். பாக்கப் பெரிசு, உள்ளுக்கு ஒண்டுமில்ல.” ஓம் எண்டன். ஓம் எண்டு சொன்னா அவவுக்குப் பேச ஒண்டும் இருக்காது.

நாலாவது, கட்டை லீ. அதுதான் இல்லை. இந்தப் பக்கத்து ஆக்கள் பாரம் குறைக்கிறம் எண்டு எல்லாத் துவக்கிலயும் முன்பக்க மரத்தை வாளால அறுத்துப்போட்டாங்க. மூக்கறுத்த துவக்குத்தான் எங்கயும். கணபதியின்டது மட்டும் மூக்கோட இருக்கு. குழல் வாய் வரைக்கும் மரம். சண்டைக் காலத்தில வெள்ளைக்காரன் காம்ப்பில விறகு கொத்தினவன், காம்ப் கலையேக்க போர்வை, தகரம் எல்லாத்தோடயும் குவியலில எடுத்தது. சுடாது. வயல் வட்டையில காட்டுப்பண்டி வந்தா தூக்கிக் காட்டுவானாம். “பண்டிக்குத் தெரியாதுதானே மச்சான்.”

எத்தினையோ வருசமாக் கேக்கிறன். வேற என்னத்தையும் கேள் எண்டுவான்.

அதில ஒரே குறை, முன்பக்க மரத்தில கத்தி வெட்டு நாலு. அங்கொண்டு இங்கொண்டு. பாக்கிற நேரமெல்லாம் பகிடி விடுவன்: “இவன் துவக்கில வைச்சுப் பாக்கு வெட்டுறவன்.” அவனும் சிரிப்பான்.

இண்டைக்கு அந்த வெட்டெல்லாம் போச்சுது. லூக்கஸ் அண்ணன் வந்தார். பறங்கித் தெருவில துவக்கு, பூட்டு, தையல் மெசின் எல்லாம் திருத்திற மனிசன். ரெண்டு பேருமா உடைஞ்ச போத்தல் ஓட்டால மரத்தைச் சுரண்டு சுரண்டு எண்டு சுரண்டினம். சுருள் சுருளா விழுந்துது. உள்ளுக்குள்ள மரம் தேன் மாதிரி.

திரேசா திண்ட கோப்பையோட வந்து பாத்தா. “ஆரிட்டக் கேட்டுச் சுரண்டுறீங்க?”

“துருப்பிடிக்காமப் பாக்கச் சொன்னவன்.”

“மரம் துருப்பிடிக்குமா?”

நான் குனிஞ்சு மற்றப் பக்கத்தைச் சுரண்டினன்.


ஜனவரி 5, சனி

வெயில். வேர்வை. ரெண்டாந்தரம் லின்சீட் எண்ணெய், அதுக்கு மேல தேன்மெழுகு. பழைய பனியனைக் கிழிச்சுத் தேய் தேய் எண்டு தேச்சன். என்ட முகம் தெரியுது மரத்தில. கொஞ்சம் வடிவாவும் தெரியுது.

லூக்கஸ் அண்ணன் ஒரு கண்ணை மூடிப் பாத்தார். “பெட்டியில இருந்து உடைச்சு எடுத்த மாதிரி. இங்கிலாந்து ராணி பாத்தா திருப்பிக் கேப்பா.”

எழுதி வைக்கிறன், ஆரும் பாக்க மாட்டினம்: நான் சும்மா இதைச் செய்யயில்லை. கணபதி வருவான். இதைப் பாப்பான். கையால தடவுவான். “மச்சான், இந்தச் சாமான் என்ட மண்வீட்டில கிடந்தா வீண், உன்னட்டயே கிடக்கட்டும்” எண்டு சொல்லுவான். சுவரில நாலாவது ஆணி அடிச்சாச்சு. திரேசாக்கு அது படம் மாட்ட எண்டு சொல்லிருக்கன்.

நாளைக்கு: டயர் காத்து. மண்ணெண்ணெய். கோழிக்குத் தவிடு. பூசைக்கு நேரத்தோட போறது (போனாக் காணும்).


ஜனவரி 8, செவ்வாய்

காலம முகில். மத்தியானம் வெயில். இந்த நாளை எழுதாம விடுவம் எண்டு நினைச்சன். ஏலாம இருக்கு.

சந்தைக்கு முன்னால கணபதி. தலையில புதுப் பானை கவிட்டு, கையில இஞ்சி மஞ்சள் கொத்து. நான் காரை மெதுவாக் கொண்டு போய் பின்னால நிப்பாட்டி ஹோர்ன் அடிச்சன். பானையோட துள்ளினான்.

“என்னகா, பொண்டாட்டி தங்கம்மா பானையாலயே அடிச்சுத் துரத்திட்டாவா?”

“அறுவானே, பானை உடைஞ்சிருந்தா உன்னை வைச்சுத்தான் பொங்கிறது!”

தேத்தண்ணிக் கடையில இருந்தம். தண்ணி வடிஞ்சிட்டுதாம். பள்ளக்காணி வேளாண்மை அழுகிப்போச்சு, மேட்டுக்காணி தப்பிட்டுது. வீட்டுச் சுவரை மெழுகிறாங்களாம். மறுகா சொன்னான், “மச்சான், பொங்கலுக்கு முதல் துவக்கைக் கொண்டு வந்து தா.”

நான் வழக்கம் போல, “ஏன்கா அவசரம்? பாக்கு வெட்ட வீட்டில கத்தி இல்லையா?”

அவன் சிரிக்கயில்லை. கிளாசை மேசையில வைச்சுச் சுத்தினான்.

“அது பாக்கு வெட்டினதில்ல மச்சான். பூமணியை அளந்தது.”

பூமணி அவன்ட மகள். ஒரே பிள்ளை. அஞ்சாவது பொங்கலுக்கு முதல் காச்சலில போயிட்டுது. கனகாலம்.

கணபதி சொன்னது அப்பிடியே: “பொங்கலண்டு காலம பானை பொங்கி வழிஞ்ச கையோட, துவக்கை நிலையோட சாத்தி வைச்சு, அவளைப் பக்கத்தில நிப்பாட்டி, தலை முட்டுற இடத்தில நான் கத்தியால ஒரு வெட்டுப் போடுறது. துவக்கை விட வளந்தாப் பள்ளிக்கூடம் எண்டு சொல்லி வைச்சிருந்தம். அவள் ஒவ்வொரு நாளும் போய் நிண்டு நிண்டு பாப்பாள், வளந்திட்டனா எண்டு. நாலு வெட்டுத்தான் போட்டது. மறுகா ஒவ்வொரு பொங்கலுக்கும் தங்கம்மா அந்த நாலிலயும் சந்தனம் வைக்கிறவ. அவளுக்கு ஒரு படமும் எடுக்கயில்ல மச்சான் நாங்க. அதுதான் கிடக்கு.”

நான் கேட்டன், ஏன் இவ்வளவு காலம் சொல்லயில்லை எண்டு.

“சொன்னா நீ பகிடி விடுறதை விட்டிருவாய். நீ பாக்கு எண்டு சொல்லேக்க எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வரும். இரிக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

பானையைத் தலையில வைச்சான். “பொங்கலண்டு விடிய வா. பொங்கின புக்கை திண்டுட்டுப் போகலாம். கொண்டு வருவாய்தானே?”

கொண்டு வாறன் எண்டன். அவ்வளவுதான் சொன்னன். வெட்டு இல்லை, சுரண்டிட்டன், சுருளைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால எரிச்சிட்டன் எண்டு சொல்லயில்லை. இந்த வாய் என்னட்ட இருந்து ஒருநாளும் ஓடினதில்லை. கோயிலில கூட நிக்காது. இண்டைக்கு ஓடிட்டுது.

பூமணி என்னைக் கார் மாமா எண்டுவாள். ஹோர்ன் ரப்பரை அமத்தப் பலம் காணாது, ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சு அமத்துவாள். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனதும் இந்தக் காரிலதான். பாதை அக்கரையில நிண்டுது, வரட்டும் எண்டு துறையில காத்து நிண்டம். நான் சும்மா இருக்கேலாம வாவிக் கொக்கைக் காட்டி, “உன்ட அப்பரைப் போல ஒத்தைக் காலில நிக்குது பார்” எண்டன். தாயின்ட மடியில கிடந்து சிரிச்சாள். அந்தச் சிரிப்பு இப்பவும் பின் சீட்டில கிடக்குது.


ஜனவரி 9, புதன்

தூறல். ஓட்டத்துக்குப் போகயில்லை. தி. (திரேசா) கேட்டா, வயித்துக்குள்ள சரியில்லை எண்டன். மல்லித் தண்ணி தந்தா. குடிச்சன்.

கோழிக்கூட்டுக்குப் பின்னால சாம்பலைக் கிண்டிப் பாத்தன். என்னத்துக்கு? சுருளை எடுத்து ஒட்டப் போறனா?

துவக்கை வெளிய கொண்டு வந்து வெளிச்சத்துக்குச் சரிச்சுச் சரிச்சுப் பாத்தன். விரலால தடவினன். கண்ணாடி மாதிரி. ஒரு கீறலும் இல்லை. அவ்வளவு திறமான வேலை.

லூக்கஸ் அண்ணனிட்டப் போனன். ஒரு சுவர்மணிக்கூட்டைக் கழட்டி வைச்சிருந்தார். முழுக்கச் சொன்னன். கொஞ்ச நேரம் ஸ்க்ரூவைக் கையில உருட்டினார். மறுகா, “நாலு வெட்டுத்தானே? வெட்டினாப் போச்சு. தேத்தண்ணிச் சாயமும் கரியும் பூசிப் பழசாக்கலாம்.”

“எவடத்தில வெட்டுறது?”

“நீதானேடா எந்த நேரமும் பாத்தவன்.”

அதுதான் கதை. எந்த நேரமும் பகிடி விட்டன், ஒருநாளும் வடிவாப் பாக்கயில்லை. ஒண்டு சரிவு எண்டு ஞாபகம். ரெண்டு கிட்டக்கிட்ட. மற்றது? மேல் இரும்புப் பட்டிக்கு மேலயா கீழயா? தெரியாது. துவக்கின்ட முத்திரை, நம்பர், எந்தக் கம்பனி, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். இது தெரியாது.


ஜனவரி 11, வெள்ளி

நல்ல வெயில். எழுத வெக்கம்.

ஒரு யோசனை வந்தது. (யோசனை வராம இருந்தா நல்லம்.) பூமணி நாலு பொங்கல் கண்டவள். ஒரு வயசு, ரெண்டு, மூண்டு, நாலு. அந்த வயசுப் பிள்ளைகளைத் துவக்கோட நிப்பாட்டிப் பாத்தா இடம் தெரியும்தானே?

ஒழுங்கையில இனிப்புப் போத்தலோட நிண்டன். கெதியா வந்திட்டுதுகள். ஒண்டு ஒண்டா மதிலோட நிப்பாட்டி, துவக்கைப் பக்கத்தில வைச்சு, சோக்குக்கட்டியால கோடு போட்டன். எல்லாம் நெஞ்சை நிமித்தி ஆமிக்காரன் மாதிரி நிக்குதுகள். ஒண்டு சலூட் அடிச்சுது.

எலிசபெத்தக்கா வேலிக்கு மேலால: “டேய் சந்தியா! பிள்ளையளைத் துவக்கோட நிப்பாட்டி என்னகா செய்யிறாய்? பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறியா?”

“ஓம் அக்கா. உங்கட மனிசனையும் அனுப்புங்க. உயரம் சரியா வரும்.”

“கட்டையில போவான்! அவர் காதில விழுந்தா வேலிக் கம்போட வருவார்!”

எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். பொறகு கோடுகளைப் பாத்தன். நாலு வயசுப் பிள்ளை மூண்டு நிண்டுது, மூண்டும் மூண்டு உயரம். ரெண்டு வயசு ஒண்டு மூண்டு வயசை விட உயரம். பிள்ளைக்குப் பிள்ளை வேற. இது தெரிய முக்காப் போத்தல் இனிப்பு முடியணுமா?

பின்னேரம் லூக்கஸ் அண்ணன் கத்தியோட வந்தார். ஆளுக்கு ஆள் முகத்தைப் பாக்கயில்லை. எலிசபெத்தக்காட கடைக்குட்டி ரீட்டா, நாலு முடிஞ்சது, ஒல்லி, பூமணியும் ஒல்லிதானே எண்டு நினைச்சு, அவள்ட கோட்டு அளவில மேல ஒரு வெட்டு வெட்டினன். நான்தான் வெட்டினன். அவரை விடயில்லை.

உள்ளுக்கு வெள்ளை வெளேரெண்டு மரம். லூக்கஸ் அண்ணன் சாயம் தொட்டு வைச்சார். கரி தேச்சார். பழைய வெட்டுப் போலத்தான் வந்துது. நல்லாத்தான் வந்துது. ரெண்டாவதுக்குக் கத்தியை வைச்சன். கை போகயில்லை.

“விடு” எண்டார். கத்தியைத் துடைச்சு மடிச்சுக்கொண்டு போயிட்டார்.


ஜனவரி 12, சனி

தி. கண்டுபிடிச்சிட்டா. துவக்கைச் சுவரில மாட்டாம அலுமாரிக்குப் பின்னால வைச்சதால. படத்துக்கு அடிச்ச ஆணியில படமும் இல்லையாம். சொல்லத்தான் வேண்டி வந்தது.

கேட்டுக்கொண்டு மீன் கழுவினா. கழுவின மீனையே திருப்பிக் கழுவினா. கடைசியா, “அந்த மனிசிக்குப் பொய்ப் பிள்ளையைக் கொண்டு போய்க் குடுக்கப் போறீங்களா?”

“வேற என்ன செய்ய? வெறும் மரத்தைக் குடுக்கிறதா?”

“வாய் இரிக்கிதானே. ஊரெல்லாம் அடிக்கிற வாய். ஒருக்கா உண்மையைச் சொல்லப் பாவிச்சுப் பாருங்க.”

“அவன் ஏசினா?”

“ஏசட்டும். நான் ஏசாத ஏச்சா?”

நல்ல வாவி மீன், செல்வன். தின்ன மனமில்லை. திண்டன்.


ஜனவரி 13, ஞாயிறு

பூசைக்குப் போகயில்லை, களுதாவளைக்கு ஹயர். ஒரு குடும்பம், தேங்காய், பழத்தட்டு, ஒரு கிழவர், ஒரு சேவல். சேவல் என்னத்துக்கு எண்டு கேக்கயில்லை. பிள்ளையார் கோயிலடியில பொங்கலுக்குக் கடையெல்லாம் போட்டுக் கிடக்குது. அவங்க உள்ளுக்க போக, நான் காருக்குள்ள இருந்து சொல்லிப் பழகினன். “கணபதி, ஒரு பிழை நடந்துபோச்சு.” இல்லை. “தங்கம்மா, நான் தெரியாம...” இல்லை. ஒவ்வொண்டும் முடியேக்க ஒரு பகிடியில போய் முடியுது. பழக்கம். பெயர் அவருக்கும் கணபதிதானே எண்டு கோயில் பக்கம் திரும்பி ஒருக்காச் சொன்னன். அவர் ஏசயில்லை.

கிழவர் வந்து, “ஆரோட தம்பி பறைஞ்சுகொண்டிருந்தாய்?”

“காரோட ஐயா. நாளைக்கு நல்லா ஓடச் சொல்லி.”


ஜனவரி 14, திங்கள். பொங்கல்

விடியப் பனி. வாவி தெரியயில்லை, பாதைக்காரன் குரல் மட்டும் கேக்குது. முதல் பாதையில நான் மட்டும்தான். பின் சீட்டில துவக்கு, அதே சாக்கு.

போகப் பானை பொங்கி வழியுது. “பொங்கலோ பொங்கல்” எண்டு கணபதி கத்துறான். தங்கம்மா குரவை விடுறா. மெழுகின சுவர் இன்னும் ஈரம். வெள்ளம் நிண்ட கறை மட்டும் முழங்காலளவில ஒரு கோடாத் தெரியுது. நான் பொட்டலத்தை நிலையோட சாத்தி வைச்சன். சொல்ல வாயைத் திறக்க முதல் கணபதி சாக்கை உருவிட்டான்.

வெயில் அப்பத்தான் விழுந்துது. மரம் மின்னிச்சு.

அவன் பாத்துக்கொண்டே நிண்டான். கையால தடவினான், கீழயிருந்து மேல. மறுகா மேலயிருந்து கீழ. “வடிவாத்தான் இரிக்கி” எண்டான்.

தங்கம்மா சிரட்டையில சந்தனத்தோட வந்தா. துவக்கு மின்னுறதை அவ பாக்கவே இல்லை. வழக்கம் போல விரல்ல சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு குந்தி, கீழ் வெட்டைத் தேடினா. விரல் போச்சு, போச்சு, போய்க்கொண்டே இருந்தது. எழும்பினா. மேல வந்து என்ட வெட்டில விரல் நிண்டது. தொட்டுப் பாத்தா. கிட்டக் கண்ணை வைச்சுப் பாத்தா.

“இது ஆரின்ட பிள்ளை?”

நான் சொன்னன், “எலிசபெத்தக்காட கடைக்குட்டி.”

பழகி வைச்சது ஒண்டும் வரயில்லை. அதுக்குப் பொறகு எல்லாத்தையும் சொன்னன். போத்தல் ஓடு, எண்ணெய், மெழுகு, ஒழுங்கையில பிள்ளைகளை நிப்பாட்டினது. சுவரில அடிச்ச ஆணி வரைக்கும். அதையும் சொன்னன். கணபதி அடுப்பில விறகைத் தள்ளினான், தேவையில்லாம.

தங்கம்மா அழயில்லை. ஏசியிருந்தா நல்லம். துவக்கை எடுத்துத் தன்ட உடம்போட சேத்து நேராப் பிடிச்சா. “இவடம் முதல் பொங்கல். நான் கையைத் தொங்கவிட்டா உச்சி கையில படும்.” சந்தனம் வைச்சா. “இவடம் ரெண்டு. இடுப்புக் குடத்தை முட்டி முட்டித் தண்ணி ஊத்துவாள்.” வைச்சா. “இவடம் மூண்டு. கொசுவத்தைப் பிடிச்சு இழுத்து இழுத்து அவிப்பாள்.” வைச்சா. “இவடம் நாலு. நெஞ்சுக்குக் கீழ. இந்தா, காதை வைச்சுக் கேப்பாள், அம்மா உனக்குள்ள டக்கு டக்கு எண்டுது எண்டு.”

நாலு பொட்டு. நாங்க மூண்டு பேரும் பாத்துக்கொண்டு நிண்டம். முதல் பொட்டு மெதுவா வழுகிச்சு. மற்றதும். எண்ணெய் மரம், மெழுகு போட்ட மரம், சந்தனம் நிக்குமா? கோடு கோடா இறங்கி நிலத்தில சொட்டினது. கணபதி தோள் சால்வையை எடுத்துத் துடைச்சான். என்ட வெட்டை விட்டு, மற்ற இடமெல்லாம்.

புக்கை தந்தினம். திண்டன். இனிப்பா உப்பா தெரியாது.

வெளிக்கிடேக்க கணபதி துவக்கைச் சாக்கில சுத்திக் கொண்டு வந்து பின் சீட்டில வைச்சான்.

“என்னகா இது?”

“நீ கேட்டதுதானே மச்சான், எத்தினை வருசமா. கொண்டு போ. இது இப்ப உன்ட வீட்டுச் சாமான் மாதிரி இரிக்கி. இங்க வைச்சா அவ தேடித் தேடித் தடவுவா.”

கோவத்தில சொல்லயில்லை. அதுதான் பொறுக்க ஏலாம இருக்கு. திரேசாக்கு எண்டு வாழையிலையில புக்கையும் கட்டித் தந்தான்.

நான் ஹோர்ன் அடிக்காமத் திரும்பினன். ஒவ்வொரு முறையும் அடிக்கிறது.


ஜனவரி 15, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். ஓட்டம் நிறைய. ஓடினன்.

லூக்கஸ் அண்ணன் வந்தார். மூலையில துவக்கைக் கண்டு, “அப்ப நாலும் சேந்திட்டுது!” எண்டு கையை நீட்டினார். என்ட முகத்தைப் பாத்துப்போட்டுக் கையை எடுத்துச் சேர்ட் பொக்கற்றுக்குள்ள வைச்சார். தி. ஆணியைப் புடுங்கிட்டா. ஓட்டை கிடக்கு.

ரீட்டா வேலிக்கால வந்தாள். “மாமா, இண்டைக்கு வளந்திட்டனா பாருங்க.” துவக்குக்குப் பக்கத்தில நெஞ்சை நிமித்தி நிண்டாள். தலை சரியா அந்த வெட்டில முட்டிச்சு. இனிப்பு ஒண்டு குடுத்து அனுப்பினன். போத்தலில கடைசி.


ஜனவரி 20, ஞாயிறு

வெயில் கடுமை. பூசைக்குப் போனன், பின் வாங்கில இருந்தன். சுவாமி “என்ன சந்தியா, சத்தத்தைக் காணேல்ல?” எண்டார். தொண்டை எண்டன்.

நாலு நாளா அந்த மரத்தோடதான். மெழுகைப் போக்கினா சந்தனம் நிக்கும், அடுத்த பொங்கலுக்காவது கொண்டு போகலாம் எண்டு. தங்கம்மா காட்டின இடம் நாலும் தெரியும், இந்த முறை வடிவாப் பாத்தனான். வெட்ட மாட்டன். பொட்டு வைச்சாப் போதும். சவுக்காரம் போட்டன். சாம்பல் போட்டன். மண்ணெண்ணெய்ச் சீலையால தேச்சன். கொதிதண்ணி ஊத்தினன். தி. வந்து பாத்துப்போட்டு இன்னொரு கேத்தல் கொண்டு வந்து வைச்சா.

இண்டைக்குப் பின்னேரம் காய்ஞ்ச பொறகு சந்தனம் அரைச்சு வைச்சுப் பாத்தன். கீழ் பொட்டுக் கொஞ்சம் நிண்டது. குனிஞ்சு பாத்தன். மறுகா வழுகிச்சு. ரெண்டாவதும் வழுகிச்சு, மூண்டும், நாலும். நான் வெட்டின வெட்டில பட்டது மட்டும் ஒட்டிக்கொண்டு நிக்குது.